தாத்தா கையில் பேலட்: ஓர் ஓவியரின் பழைய ஸ்டுடியோ படத்தை எப்படிப் பார்ப்பது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவரின் தாத்தா சிவகாசியில் ஒரு லித்தோ அச்சகத்தில், அதாவது கல்லில் வரைந்து அச்சடிக்கும் அச்சகத்தில், ஆர்ட்டிஸ்டாக இருந்தார் என்பது வீட்டில் சொல்லும் பேச்சு. இப்போது அவருடைய படம் ஒன்று கிடைத்திருக்கிறது. தடித்த அட்டையில் ஒட்டியது, பின்னால் மதுரை மேல ஆவணி மூல வீதி ஸ்டுடியோ ஒன்றின் முத்திரை, பென்சிலில் ஒரு நம்பர். தாத்தா ஒரு கையில் பேலட்டும் (வண்ணம் குழைக்கும் தட்டு) மறு கையில் பிரஷ்ஷுமாக நிற்கிறார். பக்கத்து ஸ்டாண்டில் ஒரு லட்சுமி படம், பின்னால் தூணும் படிக்கட்டும் வரைந்த திரை. இது எந்தக் காலத்துப் படம், லட்சுமி அவர் வரைந்ததுதானா, ஓரங்களில் வெள்ளி பூத்திருக்கிறதே என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், அவசரம் அதில்தான். அந்த வெள்ளியைத் துடைக்காதீர்கள். ஈரத் துணி, பஞ்சு, ஸ்பிரிட், அழிரப்பர் எதுவும் வேண்டாம். அது மேலே படிந்த தூசி அல்ல, படத்திலேயே இருக்கிற வெள்ளிதான். காற்றின் ஈரமும் அழுக்கு வாயுக்களும் பட்டுப் பட்டு, ஜெலட்டின் படலத்துக்குள் இருக்கும் வெள்ளித் துகள்கள் கரைந்து மேலே ஏறி, அங்கே மறுபடி வெள்ளியாகப் படிகின்றன. கறுப்பு அதிகமாக இருக்கும் இடத்திலும் ஓரங்களிலும்தான் முதலில் வரும். தேய்த்தால் தாத்தாவின் கோட்டும் சேர்ந்துதான் போகும்.

அந்தக் குறையே ஒரு தகவலையும் தருகிறது. இப்படிப் பூப்பது பெரும்பாலும் வெள்ளி ஜெலட்டின் காகிதத்தில்தான். அதற்கு முந்தைய ஆல்புமென் படங்கள், அதாவது முட்டை வெள்ளைக்கருவைப் பூசிய காகிதத்தில் எடுத்தவை, வேறு மாதிரிக் கெடும். வெளுப்பான இடங்கள் மஞ்சளாகும், விவரங்கள் மங்கிப்போகும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் காகிதத்தின் நார்கூடத் தெரியும். ஜெலட்டின் காகிதத்தில் நாருக்கு மேலே ஒரு வெள்ளைப் பூச்சு இருப்பதால் நார் தெரியாது. ஆக உங்கள் படம் 20ஆம் நூற்றாண்டுப் படம் என்று தைரியமாகச் சொல்லலாம்.

பூதக்கண்ணாடியைக் கையில் எடுத்ததோடு இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். முகம் முழுக்க வரிசையாகப் புள்ளிகள் தெரிகின்றனவா? தெரிந்தால் அது போட்டோவே அல்ல, பிளாக் (படத்தை ஏற்றிய அச்சுத் தகடு) செய்து ஆர்ட் பேப்பரில் அடித்த அச்சு. அச்சகத்து ஆட்கள் வீட்டில் இதை அவசியம் பார்க்க வேண்டும். கையிலேயே பிளாக்கும் மிஷினும் இருக்கும்போது ஒரு போட்டோவை வைத்துப் பத்துப் பிரதி அடித்துக்கொள்வதில் அவர்களுக்கு என்ன சிரமம்? நீங்கள் வெள்ளி பூத்ததாகச் சொல்வதால் உங்களுடையது அசல் போட்டோ என்றுதான் நினைக்கிறேன்.

காலம். சட்டை, மூக்குக்கண்ணாடி, மீசையை வைத்து வருஷம் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். ஒரே கோட்டை ஸ்டுடியோவில் மாட்டி வைத்திருந்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் போட்டுவிட்ட காலம் அது. திரையும் அப்படித்தான், ஒரு தடவை எழுதினால் கிழியும் வரை தொங்கும். அதைவிட அட்டையும் முத்திரையும் நம்பகமானவை. அளவை அளந்து பாருங்கள். அட்டை 4¼ அங்குலத்துக்கு 6½ அங்குலம் இருந்தால் 'கேபினெட்' அளவு. 1866இல் மேல்நாட்டில் வந்த வழக்கம் அது, நம் பக்கத்தில் அதற்கப்புறமும் வெகுகாலம் ஓடியது. படம் மட்டும் 4¾க்கு 6½ இருந்தால் ஆஃப் பிளேட் நெகடிவை அப்படியே காகிதத்தோடு ஒட்டவைத்து எடுத்தது, பெரிதாக்கியது அல்ல. 3½க்கு 5½ என்றால் போஸ்ட்கார்டு காகிதம். அந்தப் பென்சில் நம்பர் ஸ்டுடியோவின் நெகடிவ் நம்பராக இருக்கலாம். நோட்டுப் புத்தகத்தில் அந்த நம்பருக்கு எதிரே பெயரும் தேதியும் எழுதியிருப்பார்கள். அந்த நோட்டுகள் இன்று கிடைப்பது குதிரைக் கொம்பு. கண்ணாடி நெகடிவ்களையே கழுவி வெறும் கண்ணாடியாக விற்றுத் தீர்த்த ஸ்டுடியோக்கள் உண்டு.

முத்திரையில் ஊர்ப் பெயர் ஆங்கிலத்தில் 'மதுரா' என்று இருந்தால் பெரும்பாலும் சுதந்திரத்துக்கு முந்தைய முத்திரை. ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் கண்டிப்பாக 1972க்குப் பிறகு, ஏனென்றால் அந்த வருஷம் ஆகஸ்ட் 15இல்தான் பின்கோடே வந்தது. தமிழில் இருந்தால் லை, னை, ணை எழுத்துகளைத் தேடுங்கள். முன்னால் யானைத் துதிக்கை மாதிரி வளைவு வைத்த பழைய வடிவம் இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய முத்திரை என்று எடுத்துக்கொள்ளலாம். 'மதுரை'யில் உள்ள ரை அந்தச் சீர்திருத்தத்தில் மாறவே இல்லை, அதனால் ஊர்ப் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். 'சாலை', 'கலை' மாதிரிச் சொற்கள் இருக்கிறதா பாருங்கள். ரப்பர் ஸ்டாம்பு தேயும் வரை பழசையே குத்திக்கொண்டிருப்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

சிவகாசிக் கணக்கும் கொஞ்சம் உதவும். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்து அங்கே தொழில் தொடங்கியது 1920களின் தொடக்கத்தில். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், பட்டாசுக்கும் லேபிள் வேண்டும், லேபிளுக்கு லித்தோ வேண்டும். ஊரில் அச்சுத் தொழில் பெருத்தது அந்த வழியில்தான். எனவே தாத்தா அங்கே ஆர்ட்டிஸ்டாகச் சம்பளம் வாங்கிய பிறகு எடுத்த படம் என்றால் 1920களின் பிற்பகுதிக்கு முன்னால் போகாது. தடித்த அட்டை, எழுதிய திரை, முழு உருவத்தில் நிற்கும் தோரணை மூன்றையும் சேர்த்து என் கணிப்பு 1930களிலிருந்து 1950களுக்குள். முத்திரையைப் பார்த்தால் இன்னும் குறுக்கலாம்.

இப்போது பேலட்டுக்கு வருவோம். எனக்கு இந்தப் படத்தில் பிடித்ததே அதுதான், சந்தேகமும் அதில்தான். லித்தோ ஆர்ட்டிஸ்டுக்கு பேலட் எதற்கு?

அவர்களுடைய வேலை வேறு. ஓவியர் ஒருவர் வண்ணத்தில் எழுதிக் கொடுத்த ஒரிஜினலை எதிரே வைத்துக்கொண்டு, மஞ்சளுக்கு ஒரு கல், சிவப்புக்கு ஒரு கல், நீலத்துக்கு ஒரு கல் என்று பிரித்து வரைய வேண்டும். நல்ல படம் என்றால் எட்டு, பத்து கல்கூட ஆகும். கல் என்றால் ஜெர்மனியில் பவேரியாவின் சோல்ன்ஹோபன் பகுதியில் வெட்டியெடுக்கும் வழவழப்பான சுண்ணாம்புக் கல். பின்னாளில் அந்த இடத்துக்குத் துத்தநாகத் தகடு வந்தது. அதன்மேல் எண்ணெய்ப் பசை உள்ள கறுப்பு மையைத் தொட்டு, ஊசி முனை மாதிரி நிப்பால் புள்ளி புள்ளியாக வைப்பார்கள். கன்னத்தின் சிவப்பு எங்கே அடர்த்தி, எங்கே மெலிவு என்பதெல்லாம் அந்தப் புள்ளிகளின் நெருக்கத்தில்தான். எந்த வண்ணத்துக்கான கல்லாக இருந்தாலும் அவர் தொடுவது கறுப்பு மைதான், வண்ணம் மிஷினில் ஏறும்போதுதான் வரும். எல்லாமே இடவல மாற்றத்தில் வேறு. லட்சுமியின் வலக்கை கல்லில் இடப்பக்கம் விழ வேண்டும். கைப் பிசுக்கு கல்லில் படாமல் இருக்க ஒரு பலகைப் பாலத்தின் மேல் மணிக்கட்டை வைத்துக் குனிந்து, கண்ணில் லென்ஸ் வைத்துக்கொண்டு செய்கிற வேலை. இதில் பேலட்டுக்கு இடமே இல்லை. காலண்டர் ஒரிஜினல் எழுதியவர்களிலும் பலர் தண்ணீரில் குழைக்கும் வண்ணத்தைக் கிண்ணத்தில் வைத்துத்தான் வேலை பார்த்தார்கள். கட்டைவிரலை நுழைத்துப் பிடிக்கும் அந்த மரத்தட்டு எண்ணெய் வண்ணக்காரர்களுடையது.

அப்படியானால் தாத்தா ஏமாற்றினார் என்று அர்த்தமா? இல்லை. ஸ்டுடியோவுக்குள் போனால் வக்கீல் தடித்த புத்தகத்தில் கை வைத்து நிற்பார், வித்வான் பிடிலோடு உட்காருவார். ஓவியர் என்றால் பேலட். ராஜா ரவிவர்மா காலத்திலிருந்தே 'ஓவியர்' என்ற உருவத்துக்கு எண்ணெய் வண்ணமும் ஸ்டாண்டும்தான் அடையாளம் ஆகிவிட்டன. கல்லில் குனிந்து புள்ளி வைக்கிறவரை அப்படியே படம் எடுத்தால் பார்க்கிறவனுக்குக் கணக்குப்பிள்ளை மாதிரி இருக்கும். எனவே பேலட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். அதில் வண்ணம் அப்பிக் காய்ந்திருக்கிறதா, சுத்தமாகத் துடைத்த பலகையா? பிரஷ் முடி நனைந்து கூராக இருக்கிறதா, விரிந்து புதிதாக இருக்கிறதா? சுத்தமாக இருந்தால் ஸ்டுடியோ சாமான். வண்ணம் அப்பியிருந்தால் அவர் வீட்டிலிருந்து கொண்டு போயிருக்கிறார், எண்ணெய் வண்ணத்திலும் கை வைத்திருக்கிறார் என்று பொருள்.

இடையில் ஒரு சின்னச் சோதனை. சட்டைப் பை அவருடைய இடது மார்பில் இருக்கிறதா, பித்தான் வரிசையில் இடப்பக்கத் துணி மேலே வருகிறதா, துண்டு இடத் தோளில் கிடக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் எதிர்ப்பக்கமாக இருந்தால் நெகடிவைத் திருப்பி வைத்துப் பிரதி எடுத்துவிட்டார்கள். அதைப் பார்க்காமல் 'தாத்தா இடக்கையால் வரைவார்' என்று குடும்ப வரலாறு எழுதிவிடக் கூடாது. லித்தோக்காரருக்கு இடவலம் மாறிய படம் உறுத்தியிருக்காது, அது வேறு விஷயம்.

திரையைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். படத்தில் இருப்பவரை மட்டும் பார்த்தால் பாதிதான் கிடைக்கும். இந்தப் படத்தை யார் யார் கைகள் சேர்ந்து செய்தன என்று பார்த்தால்தான் ஓவியர் எங்கே இருக்கிறார் என்று பிடிபடும். நம் பக்கத்தில் போட்டோகிராபர், சீன் எழுதுகிறவர், காலண்டர் ஓவியர் என்று தனித்தனிச் சாதி கிடையாது. மதுரை நாடகக் கம்பெனிகளின் ஊர். சங்கரதாஸ் சுவாமிகள் இங்கேதான் 1918இல் தத்துவ மீனலோசனி வித்வ பாலசபையைத் தொடங்கினார். தர்பார், காடு, தெரு என்று கம்பெனிகளுக்குத் திரை எழுதியவர்களின் கைவரிசையைத்தான் ஸ்டுடியோத் திரைகளிலும் பார்க்கிறோம்.

இதற்குக் கண்கண்ட உதாரணம் கோவில்பட்டியில் இருக்கிறது. காலண்டர் படங்களின் மூலவர் என்று சொல்லத்தக்க சி. கொண்டைய ராஜு, 1898இல் பிறந்து 1976இல் மறைந்தவர். சென்னை கலைப் பள்ளியில் படித்தார், திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் கொஞ்ச காலம் இருந்தார், அப்புறம் நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். கம்பெனி கலைந்ததும் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். 1940களில் அங்கே அவர் அமைத்தது தேவி ஆர்ட் ஸ்டுடியோ. அது படம் எழுதும் இடம், போட்டோ பிடிக்கும் இடமும்கூட. டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம், செண்பகராமன் போன்ற சீடர்கள் அவரிடம் உருவானவர்கள். அவர்கள் எழுதிய சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகி வீடு வீடாகத் தொங்கின. இப்படி ஒரே கூரைக்குக் கீழே திரை, காமிரா, பிரஷ் மூன்றும் இருந்த உலகத்தில்தான் உங்கள் தாத்தாவும் வேலை பார்த்தார். அவர் வேலைக்குச் சேருமுன் மதுரையில் அந்த ஸ்டுடியோவிலேயே டச்சிங், அதாவது படத்தைப் பென்சிலாலும் பிரஷ்ஷாலும் திருத்தும் வேலை, பார்த்திருக்கலாம், திரையே அவர் எழுதியதாகவும் இருக்கலாம். பெரியவர்கள் யாராவது இருந்தால் 'தாத்தா சிவகாசிக்குப் போகுமுன் எங்கே இருந்தார்' என்று கேளுங்கள்.

ரவிவர்மாவைச் சொன்னேன். அவருடைய மாமா ராஜ ராஜ வர்மாவுக்கு ஓவியம் கற்றுக்கொடுத்தவர், சுவாதித் திருநாள் அரண்மனையில் இருந்த அழகிரி நாயுடு. அவர் மதுரைக்காரர். அந்த மாமாவிடம்தான் ரவிவர்மா முதலில் கற்றார். 1894இல் ரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கி லட்சுமியையும் சரஸ்வதியையும் கல்லில் அடித்து அனுப்பியபோது, மதுரையிலிருந்து போன சரக்கு சுற்றிவளைத்துத் திரும்பி வந்தது என்றுகூடச் சொல்லலாம். இது என் ஊர்ப்பாசம்.

ஸ்டாண்டில் இருக்கும் லட்சுமியும் அந்த வழியில் வந்தவளாக இருக்க வாய்ப்பு அதிகம். தாமரை மேல் நிற்கிறாளா, மேல் கைகளில் தாமரையா, பக்கத்தில் மாலை ஏந்திய யானை உண்டா? அப்படியானால் ரவிவர்மாவின் அச்சுப் படத்தைப் பார்த்து எழுதியது, அல்லது அந்த அச்சையே சட்டம் போட்டு வைத்தது. ஓரத்தைப் பெரிதாக்கினால் தெரியும்: மவுண்ட் செய்த காகிதத்தின் விளிம்பு ஒரு மாதிரி, கான்வாஸ் மடித்து ஆணி அடித்த விளிம்பு வேறு மாதிரி. நிறத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். அந்தக் காலத்து ஸ்டுடியோ நெகடிவ்கள் பெரும்பாலும் சிவப்பைக் காணாதவை. சிவப்பு விளக்கில் கழுவலாம் என்ற வசதிக்காகவே அவற்றை விடாமல் வைத்திருந்தார்கள். சிவப்புப் புடவை ஏறக்குறைய கறுப்பாகவும், நீல வானம் வெறும் வெள்ளையாகவும் வந்திருக்கும். தாத்தா நெற்றியில் குங்குமம் வைத்திருந்தால் அதுவும் கறுப்புப் பொட்டாகத்தான் தெரியும். நம்மவர்கள் தோல் நிறமும் இதனால் உள்ளதைவிடக் கறுப்பாக விழும். அதைச் சரிக்கட்டத்தான் டச்சிங்.

அதைப் பார்க்க ஒரு வழி. படத்தை மேசையில் வைத்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழும்படி செய்யுங்கள். கண்ணுக்குக் கீழே, மூக்கின் இரு பக்கமும், கழுத்தில், மயிரிழை மாதிரிக் குட்டிக் கோடுகள் தெரிகின்றனவா? கோடு தெரிந்தும் மேல்பரப்பு ஒரே பளபளப்பாக இருந்தால், நெகடிவின் மேல் கூரிய பென்சிலால் செய்த வேலை. சில இடங்கள் மட்டும் மங்கலாக, பளபளப்பு இல்லாமல் இருந்தால், பிரதியின் மேலேயே பிரஷ் பட்டிருக்கிறது. புருவமும் மீசையும் உதட்டு விளிம்பும்தான் வழக்கமான இடங்கள். காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் தொங்கும் பெரிய என்லார்ஜ்மென்ட்களில் போட்டோவைவிட வண்ணம்தான் அதிகம். இறந்தவரை எடுத்த படத்தில் கண் திறந்திருப்பது போல எழுதித் தருவதும் உண்டு. இதைப் 'போலி' என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. 1858இல் கேப்டன் லின்னேயஸ் டிரைப் மதுரையில் கோயிலையும் மகாலையும் தெப்பக்குளத்தையும் எடுத்தார் அல்லவா, அவரே தன் காகித நெகடிவ்களில் வண்ணம் தொட்டு மேகம் வரைந்தவர். மதுரை போட்டோவின் ஆரம்பத்திலேயே பிரஷ் இருக்கிறது.

லட்சுமி அவர் எழுதியதா என்பதற்குக் கையெழுத்தைத் தேடுவீர்கள். கீழ் வலது மூலையில் இருந்தால் அதிர்ஷ்டம். ஆனால் அச்சான படங்களில் அவர் பெயரைத் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஒரிஜினல் எழுதியவர் கையெழுத்துப் போடுவார். அப்போது இருந்த 1867 சட்டப்படி புத்தகத்திலும் அச்சுத் தாளிலும் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்க வேண்டியிருந்ததால் அதுவும் ஓரத்தில் பொடி எழுத்தில் கிடைக்கும். நடுவில் கல்லில் உட்கார்ந்து புள்ளி வைத்தவருக்குப் பெயர் கிடையாது. எத்தனை தீப்பெட்டி லேபிளில் அவர் கை இருந்ததோ! ஆகவே அச்சகத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெயர் போட்ட லேபிள்களையும் காலண்டர்களையும் சேர்ப்பதுதான் வழி. பழைய லேபிள் சேர்ப்பவர்கள் நம் பக்கத்தில் நிறைய. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேட்டுப் பார்க்கலாம். அதன் அடித்தளமே கோட்டையூரில் ஒருவர் சேர்த்து வைத்த சேகரம்தான். ஸ்டுடியோ பக்கம் போக வேண்டுமானால், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களை எண்மமாக்கிய ஒரு வேலையில் ஈடுபட்டது, பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு. அந்தத் தொகுப்பை இணையத்தில் பார்க்கலாம். திரைகளை ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. அதே தூணும் அதே படிக்கட்டும் இன்னொரு படத்தில், தேதியோடு, இருந்துவிட்டால் வேலை முடிந்தது.

சரி, பாதுகாப்பு. அட்டையிலிருந்து படத்தை உரிக்காதீர்கள்; பாதித் தகவல் அட்டையில்தான். லேமினேஷன் கூடவே கூடாது, செல்லோடேப்பும் அப்படித்தான். சட்டம் போட்டால் படம் கண்ணாடியில் படக் கூடாது, நடுவில் ஜன்னல் வெட்டிய அட்டை வேண்டும். மழைக்கால ஈரத்தில் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் அப்புறம் பிரிக்க முடியாது. ஏற்கெனவே அப்படி ஒட்டிய படம் வேறு ஏதாவது இருந்தால் இழுக்காமல் கண்ணாடியோடே ஸ்கேன் செய்துவிடுங்கள். மாலை, சந்தனம், குங்குமம் எல்லாம் பிரதிக்கு. அசலைப் பாலியெஸ்டர் உறையில் போட்டு, அட்டைப் பெட்டியில் படுக்கை வாட்டில், உள் அறை பீரோவின் நடுத் தட்டில் வையுங்கள். பரண் வேண்டாம், சித்திரை வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள பரண் அடுப்புதான். பாச்சை உருண்டையும் வேண்டாம். இராமபாணப் பூச்சிக்கு அட்டைப் பசை என்றால் கொள்ளைப் பிரியம், அதனால் வருஷத்துக்கு இரண்டு தடவை எடுத்துப் பாருங்கள்.

ஸ்கேன் செய்யும்போது கறுப்பு வெள்ளைப் படம்தானே என்று கிரேஸ்கேலில் எடுக்காமல் கலரிலேயே, 600 பிபிஐக்குக் குறையாமல், டிஃப் (TIFF) கோப்பாக எடுங்கள். பின்பக்கத்தையும் அதே மாதிரி. முகம், பேலட், லட்சுமியின் கீழ் மூலை மூன்றையும் 1200இல் தனியாக எடுத்து அனுப்புங்கள். முத்திரையில் ஊர்ப் பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்று தெரிந்தாலே என் கணிப்பைப் பத்து வருஷம் முன்னேயோ பின்னேயோ நகர்த்திவிடலாம்.